பாலாநகரும் பயண வண்டியும்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களைச் சார்மினாருக்கு அழைத்துச் செல்கிறோம். கோல்கொண்டாக் கோட்டையில் ஏற்றி இறக்குகிறோம். சாலார்ஜங் பொருட்காட்சிசாலையில் மணியடிக்கும் கடிகாரத்தின் முன் நிற்க வைக்கிறோம். பாலாநகருக்கு மட்டும் எவரையும் அழைத்துச் செல்வதில்லை. அங்கே பார்ப்பதற்கு என்ன உண்டு என்று கேட்பவர்க்கு, இரும்பும் எண்ணெயும் இரைச்சலும் உண்டு என்றுதான் விடை கூற வேண்டும். ஆயினும், கோடை விடுமுறை தொடங்கியதும் குழந்தை குட்டிகளுடன் வண்டியேறித் தமிழகம் நோக்கிப் புறப்படும் நம்மவர்க்கு, இம்மாநகரில் அவசியம் காண வேண்டிய இடம் பாலாநகரே என்பது நமது கருத்து. அதற்குரிய காரணத்தை இங்கே சற்று விரிவாகக் கூறுவோம்.

அமீர்ப்பேட்டையிலிருந்து மியாப்பூர் செல்லும் மெட்ரோ ரயிலில், மூசாப்பேட்டைக்கு அடுத்த நிலையம் பாலாநகர். டாக்டர் அம்பேத்கரின் பெயரைத் தாங்கிய அந்நிலையம் 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கே இறங்கி நர்சாப்பூர் நாற்சந்தியை நோக்கிச் சென்றால், ஆறு வழிகள் கொண்ட மேம்பாலம் ஒன்று தலைக்கு மேல் தோன்றும். பாபு ஜகஜீவன்ராம் பெயரால் 2021 ஜூலையில் திறக்கப்பட்ட பாலம் அது. திறப்பு விழாவன்று அமைச்சர் தாமே நாடாவை வெட்டாமல், பாலத்தின் கட்டுமானத்தில் உழைத்த பெண் தொழிலாளி ஒருவரைக் கொண்டு வெட்டச் செய்தார். உழைப்பாளர்களின் கைகளால் உருவான ஊருக்கு அது பொருத்தமான செயலே எனலாம்.

பாலாநகரின் பெருமை அதன் தொழிற்சாலைகளால் வந்தது. இந்துஸ்தான் விமான நிறுவனம் 1965-இல் விமானங்களுக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளைச் செய்யும் பிரிவை இங்கே நிறுவியது. 1968-இல் மத்திய அரசாங்கம், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் துணையுடன், மத்தியக் கருவி வடிவமைப்புக் கழகத்தை இங்கே அமைத்தது. கருவிகளைச் செய்யும் கருவிகளை எவ்வாறு செய்வது என்பதைக் கற்பிக்கும் பள்ளி அது. வானிலிருந்து பூமியைப் படமெடுத்து ஆராயும் தேசியத் தொலையுணர்வு மையமும் இங்கேதான் உள்ளது. ஆலமரத்தைச் சுற்றிச் சிறு செடிகள் முளைப்பது அரிது. ஆனால் இப்பெரிய நிலையங்களைச் சுற்றி எண்ணற்ற சிறு பட்டறைகள் முளைத்துத் தழைத்திருக்கின்றன. கடைசல் பட்டறை, தகட்டு வேலைப் பட்டறை, பற்றவைக்கும் பட்டறை என்று சந்துதோறும் உண்டு. ஆணி முதல் அச்சு வரை எதைக் கேட்டாலும், 'நாளை வாருங்கள்' என்னும் விடை கிடைக்கும். நாளை சென்றால் பெரும்பாலும் பொருளும் கிடைக்கும்.

அத்தகைய சந்து ஒன்றிலுள்ள மோட்டார்ப் பட்டறைக்கு, மார்ச்சு மாதத்துக் காலைப் பொழுதொன்றில் நாம் சென்றிருந்தோம். நண்பர் ஒருவர் தமது வேனைக் காட்டுவதற்காக அங்கே சென்றார். நாமும் உடன் சென்றோம். அவ்வேன் பயணத்துக்கென்றே அமைக்கப்பட்டது. பின்பக்கத்து இருக்கைகளை அகற்றி, மடக்குக் கட்டில் ஒன்றும், சிறிய எரிவாயு அடுப்பு ஒன்றும், மின்விசிறிகள் இரண்டும் பொருத்தியிருந்தார். மேல்நாடுகளில் குடும்பத்தார் வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நம் நாட்டிலும் அது பரவி வருகிறது; 2021-இல் கேரள அரசாங்கம் இத்தகைய 'கேரவன்' வண்டிகளுக்கெனத் தனிச் சுற்றுலாத் திட்டமே வகுத்தது. கட்டுச்சோறு கட்டி, அண்டா குண்டாவை ஏற்றி, குலதெய்வத்துக்குப் பொங்கலிட வேனில் செல்லும் நமக்கு இது முற்றிலும் புதியதன்று.

பட்டறையின் மேஸ்திரி தெலுங்கர். வயது அறுபதைத் தாண்டியவர். நண்பர் முன்மூடியைத் திறந்து, "என்ஜினை நன்றாகப் பார்த்துவிடுங்கள், வழியில் நிற்கக் கூடாது" என்றார். மேஸ்திரி சிரித்தார். என்ஜின் நின்றால் வண்டி நிற்கும், அதனால் ஒரு பகல் வீணாகும், அவ்வளவுதான்; உயிருக்குக் கேடு வருவது வேறு இடங்களால்; அவற்றை முதலில் பார்ப்போம் என்று தெலுங்கில் கூறிவிட்டு, அவர் சக்கரத்தருகே குந்தினார். அன்று நாம் கேட்டவற்றுள் மிகப் பயனுள்ள சொல் அதுவே.

முதலில் டயர். டயரின் பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் குறுக்கே அமைந்திருக்கும். தேய்ந்து தேய்ந்து மேல்பரப்பு அம்மேடுகளுக்குச் சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகிவிட்டது என்று பொருள். அதற்குக் குறைந்த டயருடன் வேனோ காரோ சாலையில் ஓடுவது விதிக்கு மாறானது. நண்பரின் டயர்களில் பள்ளம் ஆழமாகவே இருந்தது. ஆனால் மேஸ்திரி பக்கச் சுவரைத் துடைத்து நான்கு எண்களைக் காட்டினார். முதலிரண்டு எண்கள் வாரத்தையும் பின்னிரண்டு எண்கள் ஆண்டையும் குறிப்பன; 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று அறியலாம். ஆண்டுக்கு இருமுறை மட்டும் ஓடும் பயண வண்டியின் டயர் தேய்வதில்லை. நின்ற இடத்திலேயே முதுமை எய்திவிடுகிறது. ரப்பர் இறுகிப் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. பார்வைக்குப் புதிதாய்த் தோன்றும் அத்தகைய டயர், சித்திரை வெயிலில், முழுப் பாரத்துடன், கர்நூல் சாலையில் மூன்று மணி நேரம் விரைந்து ஓடும்போது வெடிக்கக் கூடும்.

ஸ்டெப்னியையும் அவர் விட்டுவைக்கவில்லை. இச்சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. வேல்ஸ் நாட்டின் லானெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904 வாக்கில் சகோதரர் இருவர் மாற்றுச் சக்கரம் செய்து விற்றனர். அத்தெருவின் பெயர் கடல் கடந்து வந்து நம் மொழிகளில் நிலைத்துவிட்டது. பெயர் நிலைத்ததே அன்றி, அதில் காற்றிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மிடையே நிலைக்கவில்லை. காற்றின் அளவை விடியற்காலையில், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியுள்ள சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது பிரேக். பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. ஈரம் கலந்த எண்ணெய் விரைவில் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி தோன்றும். ஆவி தோன்றினால் மிதி ஆழத்துக்குச் சென்றும் பிரேக் பிடிக்காது. ஆகையால் எண்ணெய் குறையாவிட்டாலும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை மாற்றிவிடுதல் நன்று. இவ்விடத்தில் நாம் தொப்பூர்க் கணவாயை நினைத்துக்கொண்டோம். பெங்களூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் நம்மவர் யாவரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அக்கணவாயை இறங்கியே தீர வேண்டும். நீண்ட இறக்கம் அது; பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளான லாரிகள் பல. இறக்கத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கருதிக் கியரை நியூட்ரலில் விடும் ஓட்டுநர், என்ஜின் தரும் பிடிப்பை இழந்து, முழுப் பாரத்தையும் பிரேக்கின் மேல் சுமத்துகிறார். நம் ஊர்த் தேரோட்டத்தைப் பாருங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்தாலும், சக்கரத்தருகே முட்டுக்கட்டையுடன் நிற்பவர் கைகாட்டாமல் தேர் அசைவதில்லை. ஓட்டுவதைவிட நிறுத்துவதே பெரிய வித்தை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இவற்றின்பின், மேஸ்திரி வேனுக்குள் ஏறினார். கட்டிலுக்கடியில் எரிவாயு உருளையைக் கண்டதும் அவர் முகம் மாறியது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து சன்னல் வழியே போய்விடாமல், தரையோடு தரையாய்த் தேங்கி நிற்கும். அவ்வண்டியின் தரையிலோ வாயு வெளியேற ஒரு துவாரமும் இல்லை. வீட்டில் உருளையைக் கட்டிலுக்கடியில் வைப்போமா என்று அவர் கேட்டார். நண்பர் விடை கூறவில்லை.

வீட்டிலேயே நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இரண்டு உண்டு. உருளையின் கழுத்துப் பகுதியில் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளுள் ஒன்றும் ஆண்டைக் குறிக்கும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஏ என்பது மார்ச்சு வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை என்று பொருள்படும். அக்கெடு கடந்த உருளையை வாங்கக் கூடாது. ரப்பர்க் குழாய்க்கும் வயது உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றிவிட வேண்டும். கசிவைச் சோதிக்கச் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதே முறை. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது மடமை.

இது வீண் அச்சமன்று. 2023 ஆகஸ்டு 26 அன்று விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. லக்னோவிலிருந்து தென்னாட்டுக் கோயில்களைத் தரிசிக்க வந்த யாத்திரிகர்கள் அதில் இருந்தனர். விதிக்கு மாறாக ஏற்றிவந்த எரிவாயு உருளையே காரணமென்று ரயில்வேத் துறை அறிவித்தது. ஒன்பது பேர் மாண்டனர். கோயிலுக்கு வந்தவர்கள், வீட்டில் செய்வதுபோல் அடுப்பை மூட்டினார்கள். வேறு பிழை செய்தாரில்லை.

2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரத்தில் நின்றிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். காயமில்லை, தீயில்லை. மின்சாரத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணமென்று ஆராய்ந்தோர் கண்டனர். நிறமோ மணமோ இல்லாத நஞ்சு அது. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தைப் பற்றிக்கொள்வது. உறங்குபவன் விழிப்பதில்லை. ஜெனரேட்டர் இல்லாத வண்டியிலும், சன்னல்களை மூடி, குளிர்சாதனத்துக்காக என்ஜினை ஓடவிட்டு உறங்கினால், புகைக்குழாய் பழுதுற்றிருக்குமாயின் இதே அபாயம் உண்டு.

2025 அக்டோபர் 24 அன்று, நம் நகரிலிருந்து பெங்களூர் சென்ற பேருந்து, கர்நூலை அடுத்த சின்ன டேக்கூர் அருகே நள்ளிரவு கடந்த வேளையில் தீக்கிரையானது. மோட்டார் சைக்கிள் ஒன்று அடியில் சிக்கியதால் மூண்ட தீ அது. பத்தொன்பது பயணிகள் இறந்தனர். சன்னலை உடைத்துக் குதித்தவர்கள் பிழைத்தனர். நாம் ஊருக்குச் செல்லும் அதே சாலை அது.

இம்மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். வண்டி வண்டியாக மட்டும் இருக்கும்போது அதன் அபாயங்கள் சக்கரத்திலும் பிரேக்கிலும் உள்ளன. அதை நாம் வீடாக்கும்போது, அடுப்பு, படுக்கை, மின்சாரம் என்று வீட்டின் அபாயங்களும் அதனுள் குடியேறுகின்றன. வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். வண்டியில் கதவு ஒன்று, நாம் பத்துப் பேர். ஆகையால் உள்ளே உறங்கும் ஒவ்வொருவரும் எவ்வழியே வெளியேறுவது என்பதைப் புறப்படுமுன் அறிந்திருக்க வேண்டும். சன்னலை உடைக்கும் சுத்தியல் கைக்கெட்டும் இடத்திலும், தீயணைப்பு உருளை முள் பச்சைக் கோட்டில் நிற்கும் நிலையிலும் இருத்தல் வேண்டும். மூட்டைகளைக் கதவோரம் அடுக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். சட்டம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். வாடகை வேன் போன்ற வண்டிகள் தகுதிச் சான்று பெற வேண்டும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். வாடகைக்கு அமர்த்துவோர் அச்சான்றைக் காட்டும்படி கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். அது முடிந்து புதுப்பிக்கும் நாள் வரை, புகைச் சோதனை ஒன்றைத் தவிர, அதன் டயரையும் பிரேக்கையும் எந்த அதிகாரியும் கட்டாயமாகச் சோதிப்பதில்லை. மேலும், பதிவுச் சான்றில் கண்டபடியன்றி வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. இருக்கையை அகற்றிக் கட்டில் போடுவோர் முன்னதாகவே போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து அனுமதி பெறுதல் வேண்டும். இன்றேல், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் வழக்கு வரும். ஆக, பதினைந்து ஆண்டுக் காலத்துக்குச் சொந்த வண்டியின் பரிசோதகர் அதன் சொந்தக்காரரே.

நினைவாற்றலை நம்பிப் பரிசோதித்தல் ஆகாது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், 1935 அக்டோபர் 30 அன்று, போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய விமானம் ஒன்று மேலெழுந்த சிறிது நேரத்தில் வீழ்ந்து எரிந்தது, இருவர் மாண்டனர். இயந்திரத்தில் குறையில்லை, ஓட்டியவரும் கைதேர்ந்த விமானி. தரையில் நிற்கும்போது சுக்கான்கள் காற்றில் ஆடாதபடி பூட்டும் பூட்டைத் திறக்க மறந்தனர், அவ்வளவே. அதன்பின்தான், புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்கும் முறை விமானத் துறையில் வேரூன்றியது. விமானக் கருவிகள் பிறக்கும் பாலாநகரில் நின்றபோது, அம்முறை நம் வேனுக்கும் ஏன் ஆகாது என்று நமக்குத் தோன்றியது.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன் பட்டறையில் பார்க்க வேண்டியவை: டயரின் வயதும் தேய்வும், பிரேக் எண்ணெயும் கட்டைகளும், பெல்ட்டுகள், ரேடியேட்டர்க் குழாய்கள், பாட்டரி, புகைக்குழாய், பின்னால் சேர்த்த மின்கம்பிகளும் அவற்றுக்குரிய ஃபியூஸும். முதல் நாள் வீட்டில் பார்க்க வேண்டியவை: எல்லா விளக்குகள், வைப்பர், ஸ்டெப்னி, ஜாக்கி, தீயணைப்பு உருளை, முதலுதவிப் பெட்டி, சான்றுகள். புறப்படும் காலையில்: காற்று, எண்ணெய், ரேடியேட்டர் நீர், கதவுகள், கட்டப்படாத மூட்டைகள். ரேடியேட்டர் மூடியைச் சூடான நிலையில் திறக்கலாகாது என்பதையும் தாளிலேயே எழுதிவிடலாம். ஒருவர் வாசிக்க, மற்றொருவர் தொட்டுப் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். வாசிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அவர்கள் ஒன்றையும் விடமாட்டார்கள். தமிழ் வாசிக்கும் பயிற்சியும் உடன் கிட்டும்.

அத்தாளில் கடைசி வரியாக ஓட்டுபவரையும் சேர்க்க வேண்டும். சென்னைக்கு ஏறத்தாழ 630 கிலோமீட்டர். பத்து மணி நேரத்துக்குக் குறையாது. மதுரை, நெல்லை என்றால் இன்னும் தொலைவு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாகவே ஓட்டுபவர்க்கும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தையே பொது அளவாக வைத்திருந்தது. பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, இரவு எட்டு மணிக்கு வண்டியை எடுத்து, விடியுமுன் ஊர் சேர எண்ணுவது அந்த அளவுக்குப் பொருந்துவதாகாது. இரண்டு மணிக்கொருமுறை இறங்கி நடப்பதும், பின்னிரவில் வண்டியை நிறுத்தி உறங்குவதும் நேரத்தை வீணாக்குவன அல்ல.

நண்பரின் வேனைப் பற்றியும் கூறிவிடுவோம். டயர்கள் மாற்றப்பட்டன, பிரேக் எண்ணெய் புதிதாயிற்று, எரிவாயு உருளை வீடு திரும்பியது. செலவு கணிசமானதே. "இட்டிலிப் பொடி தடவிக் கட்டிக்கொண்டு போகிறோம், பாலுக்கும் காப்பிக்கும் வழியில் கடை இல்லாமலா போகும்?" என்று அவருடைய மனைவியார் கூறியதாக அறிந்தோம். அம்மையாரின் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

இறுதியாகச் சங்க நிருவாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். நம்மவருள் ஆலைகளிலும் பட்டறைகளிலும் அனுபவம் பெற்றோர் பலர் உளர். ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஊர் செல்லவிருக்கும் குடும்பங்கள் தத்தம் வண்டிகளைச் சங்க வளாகத்துக்குக் கொண்டுவர, அவ்வன்பர்கள் தாளை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துக் குறை கூறலாம். குறை கண்ட வண்டி பாலாநகர் செல்லட்டும். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகின்ற நாம் இதற்கும் கூடுதல் தகும். அந்த ஒரு காலைப் பொழுதுக்கு ஈடாக, விடுமுறை முடிந்து எல்லாக் குடும்பமும் குறைவின்றித் திரும்பி வந்து சேருமாயின், சங்கம் செய்த பணிகளுள் அதுவே தலையாயது எனக் கருதுவோம்.